குத்தகையை விலை என்று சொல்லி விற்காதீர்கள்

நீளமான பதிவுதான். வீட்டில் கேம் விளையாடுகிற பிள்ளை இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். இல்லாதவர்களும் வாசிக்கலாம். இது கேமோடு நிற்கப் போகிற விசயமில்லை.

காணி வாங்கப் போனால் நாம் முதலில் கேட்பது "உறுதி இருக்கா?" என்றுதான். உறுதிக் காணிக்கு ஒரு விலை, பேமிட் காணிக்கு ஒரு விலை. வயலைக் குத்தகைக்கு எடுக்கிறவருக்கு அது குத்தகை என்று தெரியும், எத்தனை போகத்துக்கு என்றும் தெரியும். இவ்வளவு விவரமான நாம், கொம்பியூட்டரில் 'வாங்கு' என்ற பட்டனை அழுத்தி டொலரில் காசு கட்டும்போது மட்டும் உறுதியைக் கேட்பதில்லை.

கேட்காததால் என்ன நடந்தது?

'த க்ரூ' என்று ஒரு கார் ஓட்டுகிற கேம். பிரான்ஸின் யுபிசொப்ட் கம்பனி 2014 டிசம்பரில் வெளியிட்டது. தனியாக ஓட்டினாலும் கம்பனியின் சேர்வரோடு தொடர்பு இருந்தால்தான் ஓடும் என்று அமைத்திருந்தார்கள். 2024 மார்ச் 31ஆம் திகதி சேர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களின் கேம் அன்றோடு முடிந்தது. டிஸ்க்கில் வாங்கி அலுமாரியில் வைத்திருந்தவருக்கும் அதே கதிதான். அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். கம்பனி தரப்பின் பதில்: நீங்கள் வாங்கியது கேமை அல்ல, அதைப் பாவிக்கும் அனுமதியை மட்டும்தான்.

இதே கம்பனியின் சந்தாப் பிரிவுப் பொறுப்பாளர் பிலிப் ட்ரெம்ப்ளே 2024 ஜனவரியில் ஒரு பேட்டி கொடுத்தார். சீடி, டிவிடி இல்லாமல் இருக்க மக்கள் பழகியதுபோல, கேமைச் சொந்தமாக வைத்திராமல் இருக்கவும் பழக வேண்டும் என்ற கருத்தில் பேசினார். மூன்று மாதம் போக முதல் பழக்கியும் காட்டிவிட்டார்கள்.

இந்த இடத்தில் சிலர் வருவார்கள். "சேர், எங்கட பிள்ளைகளிடம் நல்ல கிரபிக்ஸ் கார்ட் இல்லை. ஸ்ட்ரீமிங்தான் வழி. கேம் அவர்களின் சேர்வரில் ஓடும், நமக்குப் படம் மட்டும் வந்தால் போதும்." கேட்க நல்லாத்தான் இருக்கிறது. கணக்குப் பார்ப்போம்.

கூகுள் 2019 நவம்பரில் ஸ்டேடியா என்ற ஸ்ட்ரீமிங் சேவையைத் தொடங்கியது. 14 நாடுகளுக்குத் திறந்தார்கள். இலங்கை அதில் இல்லை. குறைந்தது நொடிக்கு 10 மெகாபிட் வேகம் வேண்டும் என்றார்கள். அந்த வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடினால் 4.5 ஜிபி. நாளுக்கு ஒரு மணித்தியாலம் விளையாடினால் மாதத்துக்கு 135 ஜிபி. கார்ட் வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு மாதம் 135 ஜிபி டேட்டா போட வசதியுள்ள வீடு எது? படமும் தெளிவான படமல்ல, குறைந்த தரம்.

அந்த ஸ்டேடியாவும் 2023 ஜனவரி 18இல் மூடப்பட்டது. கேமுக்குக் கட்டிய காசை கூகுள் திருப்பிக் கொடுத்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது கம்பனியின் மனசைப் பொறுத்து நடந்தது. யுபிசொப்ட்டுக்கு அந்த மனசு வரவில்லை. சந்தா சேவைகளைப் பார்த்தாலும் இதே கதைதான். மைக்ரோசொப்ட்டின் கேம் பாஸ் அல்டிமேட் 2025 ஒக்டோபரில் அமெரிக்காவில் மாதம் 19.99 டொலரிலிருந்து 29.99 டொலருக்குப் போனது. ஒரே தாவலில் அரைவாசி ஏற்றம். குத்தகைக்காரன் வேறென்ன செய்ய முடியும்? கட்டலாம், இல்லாவிட்டால் வயலை விட்டு இறங்கலாம்.

அடுத்தது லினக்ஸ். மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, டீ.பீ.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கிறது. அது இல்லாத, ஆனால் நன்றாக வேலை செய்கிற கொம்பியூட்டர்களை என்ன செய்வது? லினக்ஸ் போடுங்கள் என்றால், "அதில் கேம் ஓடாது சேர்" என்கிறார்கள் பொடியன்மார். இது பழைய கதை. வால்வ் கம்பனி 2018 ஓகஸ்டில் ப்ரோட்டன் என்ற கருவியை வெளியிட்டது. விண்டோஸுக்காகச் செய்த ஏராளமான கேம்கள் அதன் மூலம் லினக்ஸில் ஓடுகின்றன. 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கைக்கருவி முழுக்க லினக்ஸில் ஓடுவதுதான்.

ஆனால் லினக்ஸ் போட்டவுடன் எல்லாம் நம் கைக்கு வந்துவிடாது. 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' கேம் லினக்ஸில் நன்றாகத்தான் ஓடியது. 2024 ஒக்டோபர் கடைசியில், ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கிறோம் என்று சொல்லி, இ.ஏ. கம்பனி லினக்ஸ்காரர்கள் எல்லோருக்கும் கதவை அடைத்தது. அதற்குள் உடுப்புக்கும் ஆயுத அலங்காரத்துக்கும் காசு செலவழித்தவர்கள் வெளியே நின்றார்கள். வீடு நம்முடையதாக இருந்தாலும், உள்ளே இருக்கிற பெட்டியின் சாவி இன்னொருவரிடம் இருந்தால் இதுதான் நடக்கும். விற்ற கேமுக்கே கம்பனி போடும் பூட்டுக்கு டீ.ஆர்.எம். என்று பெயர்.

பூட்டில்லாமல் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். போலந்தில் 2008இல் தொடங்கிய ஜீ.ஓ.ஜீ. தளத்தில் கேமை வாங்கினால் இன்ஸ்டோலரையே டவுன்லோட் பண்ணலாம். பென் ட்ரைவில் போட்டு வைக்கலாம். பத்து வருடம் கழித்து இன்டர்நெட் இல்லாத இடத்தில் போட்டாலும், அதற்கேற்ற கொம்பியூட்டர் இருந்தால் ஓடும். அவர்கள் கேலக்ஸி என்ற தங்கள் செயலியை லினக்ஸுக்கு நெடுங்காலமாகத் தராமல் இருந்தது குறைதான். ஆனாலும் ஹீரோயிக், லூட்ரிஸ் போன்ற இலவச மென்பொருள்களை வைத்து லினக்ஸ்காரர்கள் சமாளித்துக்கொள்கிறார்கள்.

"பூட்டில்லாவிட்டால் களவெடுப்பார்கள், கம்பனி அழிந்துவிடும்" என்பது அடுத்த வாதம். 'த விட்சர் 3' 2015இல் வந்த முதல் நாளே ஜீ.ஓ.ஜீ.யில் பூட்டில்லாமல் விற்பனைக்கு வந்தது. எல்லாத் தளங்களிலும் சேர்த்து அந்தக் கேம் 5 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றது. பெரும்பங்கு மற்றத் தளங்களில் போயிருக்கலாம். ஆனால் பூட்டில்லாத பிரதி முதல் நாளிலிருந்தே வெளியில் கிடந்தும் விற்பனை படுக்கவில்லையே!

பூட்டால் அவஸ்தைப்படுவது யார்? 2013 மார்ச்சில் 'சிம்சிட்டி' வந்தபோது, எப்போதும் ஒன்லைனில் இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். சேர்வர் தாங்கவில்லை. காசு கட்டியவர்கள் நாட்கணக்கில் உள்ளே போக முடியாமல் காத்திருந்தார்கள். மறுவருடம் அதே கேமுக்கு ஒஃப்லைன் வசதி வந்தது. அப்படியானால் அந்தக் கட்டாயம் எதற்கு இருந்தது?

இதற்காகக் கிரெக் பண்ணிய கேமைப் போடச் சொல்கிறேன் என்று யாரும் எடுக்க வேண்டாம். அடுத்தவரின் உழைப்பைக் காசு கொடுக்காமல் எடுப்பது பிழைதான். அது விற்பவருக்குச் செய்யும் அநியாயம். குத்தகையை விலை என்று சொல்லி விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். ஒன்றைக் காட்டி மற்றதை நியாயப்படுத்த ஏலாது.

"கேம்தானே, இதுக்குப் போய் ஏன் சேர் இவ்வளவு?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சொல்லைப் பிழையான பொருளில் பழகிய பிள்ளையைத் திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். 'வாங்குதல்' என்றால், விற்றவர் நினைத்த நேரம் திருப்பி எடுக்கலாம் என்ற பொருளில் ஒரு தலைமுறை பழகிக்கொண்டிருக்கிறது. நாளைக்குப் பாடப் புத்தகமும் இப்படி வந்தால் அவர்கள் கேள்வி கேட்கவே மாட்டார்கள்.

கேட்டால் பலன் இருக்கிறது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1இலிருந்து, கொடுப்பது அனுமதி மட்டும்தான் என்று வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற பட்டனைப் போட முடியாது. அந்தச் சட்டம் வரும் முன்பே, 2024 ஒக்டோபரில், ஸ்டீம் தளம் காசு கட்டும் இடத்தில் அந்த வரியைப் போட்டுவிட்டது. ஐரோப்பாவில், விற்ற கேம்களைக் கொல்லாதீர்கள் என்ற கோரிக்கைக்கு 2025 ஜூலையில் 10 இலட்சத்துக்கு மேல் கையொப்பம் சேர்ந்தது.

வாப்பாமாரே, உம்மாமாரே, பிள்ளை கார்டைக் கேட்டால் கொடுக்க முதல் மூன்று கேள்வி கேளுங்கள். இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா? இன்ஸ்டோலரை நாமே எடுத்து வைக்கலாமா? கம்பனி மூடினாலும் ஓடுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது குத்தகை. குத்தகைக்குரிய காசை மட்டும் கொடுங்கள்.

காசே கொடுக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 'சூப்பர் டக்ஸ் கார்ட்', 'பெட்டில் ஃபோர் வெஸ்னொத்', '0 ஏ.டீ.' மூன்றும் லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும் இலவச கேம்கள். கொப்பி பண்ணிக் கொடுக்க அவற்றை எழுதியவர்களே அனுமதி தந்திருக்கிறார்கள். நம்ம மாணவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் பென் ட்ரைவோடு வாருங்கள், போட்டுத் தருகிறேன்.