உயரத்தைக் கேட்கும் முன் வேகத்தைக் கேட்க வேண்டும்

பொறியியல் கல்லூரி விழாக்களில் மாதிரி ராக்கெட் ஏவப்படும்போது பார்வையாளர் முதலில் கேட்பது, அது எத்தனை மீட்டர் உயரம் போகும் என்பதையே. மாணவர் அறிக்கைகளும் அந்த எண்ணையே முன்வைக்கின்றன. களத்தில் நிற்பவர்களின் பாதுகாப்போ வேறோர் எண்ணைச் சார்ந்தது: ஏவுதண்டை விட்டு நீங்கும் கணத்தில் ராக்கெட்டுக்கு இருக்கும் வேகம்.

சாதாரண மாதிரி ராக்கெட்டில் திசை திருத்தும் கருவி கிடையாது. அதை நேராக வைத்திருப்பவை வால்சிறகுகளே. அவற்றின் மீது காற்று செலுத்தும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால்பங்காகிவிடும். ஆகவே போதிய வேகம் கிட்டும்வரை ராக்கெட்டை வழிநடத்துவது ஏவுதண்டின் பணி. விநாடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர் என்பது ஆர்வலர்களிடையே வழங்கும் பாதுகாப்பான அளவு.

இதற்குக் குறுக்குவழியாக ஒரு விதி சொல்லப்படுகிறது: உந்துவிசை, எடையைப்போல் ஐந்து மடங்கு இருந்தால் போதும். 100 கிராம் ராக்கெட்டின் எடை சுமார் 1 நியூட்டன். எனவே 5 நியூட்டன் உந்துவிசை. ஈர்ப்பைக் கழித்தால் முடுக்கம் ஏறத்தாழ 40 மீட்டர்/விநாடி². ஒரு மீட்டர் தண்டின் முடிவில் வேகம் விநாடிக்கு 9 மீட்டர்தான். அப்போது விநாடிக்கு 5 மீட்டர் பக்கக்காற்று வீசினால், ராக்கெட்டை அது சுமார் 29 பாகைச் சாய்வில் தாக்கும். ராக்கெட் காற்று வரும் திசைக்குத் திரும்பி, மோட்டார் எரிந்துகொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் பாயக்கூடும். அதே ராக்கெட் 3 மீட்டர் தண்டிலிருந்து கிளம்பினால் வேகம் 15 மீட்டரைத் தாண்டும்.

மோட்டார் தேர்விலும் இதே குழப்பம் நேர்கிறது. சி6-5 என்ற குறியீட்டில் எழுத்து மொத்தக் கணத்தாக்கின் வகையையும், அடுத்த எண் சராசரி உந்துவிசையை நியூட்டனிலும், கடைசி எண் எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளித்தள்ளும்வரை ஆகும் தாமதத்தை விநாடியிலும் குறிக்கும். உயரத்தை நாடுவோர் எழுத்தைப் பார்க்கின்றனர். 10 நியூட்டன்-விநாடிக் கணத்தாக்கை 5 நியூட்டனாக 2 விநாடிக்கும் தரலாம். 10 நியூட்டனாக 1 விநாடிக்கும் தரலாம். அதே ஒரு மீட்டர் தண்டில் முன்னது 9 மீட்டர் வேகமும், பின்னது 13 மீட்டருக்கு மேலும் அளிக்கும். எழுத்து ஒன்றே, ஆபத்து ஒன்றல்ல.

சோதிக்கப்பட்ட மோட்டார்கள் இந்தியாவில் எளிதில் கிடைக்காததால், எரிபொருளைத் தாமே கலக்க முனைவோரும் உள்ளனர். உரிமமின்றி வெடிபொருள் தயாரிப்பது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குப் புறம்பானது. சட்டத்தை விடுத்துப் பார்த்தாலும், உந்துவிசை அளக்கப்படாத மோட்டாருக்கு நீங்குவேகத்தைக் கணக்கிடவே இயலாது.

ஏவுவதற்கு அனுமதி கோரும் படிவத்தில் நிறை, உந்துவிசை, தண்டின் நீளம், நீங்குவேகம், காற்றின் உச்சவரம்பு ஆகியவற்றைக் கல்லூரிகள் கட்டாயமாகக் கேட்க வேண்டும். காற்றின் வேகம் நீங்குவேகத்தில் கால்பங்கை மிஞ்சினால் ஏவுதலை ஒத்திவைக்க வேண்டும். இது மாணவர் ஆர்வத்தை முடக்கும் என்பர் சிலர். தேவைப்படும் கணக்கோ பதினொன்றாம் வகுப்பு இயற்பியலைத் தாண்டாது. அதைப் போட்டுப் பார்க்கும் மாணவர், தண்டை நீட்டுவதா, நிறையைக் குறைப்பதா, மோட்டாரை மாற்றுவதா என்று தாமே முடிவு செய்யக் கற்கிறார். விழா நாளில் கூட்டம் காத்திருக்கும்போது "இன்று ஏவ வேண்டாம்" என்று சொல்வது ஒருங்கிணைப்பாளருக்குக் கடினம். முன்கூட்டியே எழுதி வைத்த வரம்பு இருந்தால், அவர் அதைச் சொல்லத் தயங்க வேண்டியிராது.