இடைகழி அளவு இடம் போதும்: திருக்கோவிலூரில் ஒரு லினக்ஸ் கூட்டம்

இது கண்டன அறிக்கையும் இல்லை, பிறந்தநாள் வாழ்த்தும் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க, கடைசியில ஒரு கோரிக்கை இருக்கு.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறணும்னா ஓரளவு புது மெஷின் வேண்டும், டிபிஎம் 2.0 வேண்டும். திருக்கோவிலூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கிற ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டரில் எத்தனை கம்ப்யூட்டர் இதில் தேறும்? பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினியை இன்னும் தம்பி தங்கச்சிக்குக் கொடுத்து ஓட்டுகிற வீடுகள் எத்தனை? அந்த மெஷின்கள் கெட்டுப்போகவில்லை. தயாரித்தவன் கைவிட்டுவிட்டான், அவ்வளவுதான். லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் போட்டால் 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பும் இன்னும் சில வருஷம் ஓடும். காசு கிடையாது.

அப்போ ஏன் யாரும் போடவில்லை? சொல்லித்தர ஆள் இல்லை. முதல் முறை இன்ஸ்டால் செய்யும்போது ஹார்டு டிஸ்கைப் பிரிக்கிற இடத்தில் கை நடுங்கும். வைஃபை டிரைவர் வேலை செய்யாது. யூடியூப் பார்த்துக்கொண்டே செய்தால் பாதியில் மாட்டிக்கொள்வோம். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து "பயப்படாத, அடுத்ததை அழுத்து"ன்னு சொன்னா முக்கால் மணி நேர வேலை. லினக்ஸ் பயனர் குழுக்கள் என்று உலகம் முழுக்க இருப்பதற்கு அடிப்படைக் காரணமே இதுதான்.

2011-ல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தையே பாருங்க. விண்டோஸோடு சேர்த்து சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் போட்டுத்தான் கொடுத்தார்கள். நாம என்ன செய்தோம்? வாங்கின வாரமே கடைக்கு எடுத்துப்போய் அதை அழித்துவிட்டு திருட்டு விண்டோஸ் ஏற்றிக்கொண்டோம். கேரளாவில் அரசுப் பள்ளிகள் பதினைந்து வருஷத்துக்கும் மேலாக லினக்ஸில்தான் நடக்கின்றன. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த பிறகுதான் மாணவரிடம் போனார்கள். இங்கே பொருள் வந்தது, ஆள் வரவில்லை.

ஆள் எங்கே இருக்கிறார்கள் என்றால், ரொம்ப தூரத்தில் இல்லை. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு 2013-லிருந்து இயங்குகிறது. பெரிய ஐடி கம்பெனி எதுவும் இல்லாத ஊர் அது. வாராவாரம் கூடி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுத்து, 2023 ஜனவரியில் டெபியன் மினி மாநாட்டையே விழுப்புரத்துக்குக் கொண்டுவந்தார்கள். டெபியன் என்பது உபுண்டு, மின்ட் இவற்றுக்கெல்லாம் தாய். அதே வருஷம் செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சியில் நடந்தது. கொச்சிக்கு முன்னாடி விழுப்புரம்! சென்னைக் குழு தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து இருக்கிறது. காஞ்சிபுரத்திலும் ஒன்று உண்டு. தமிழில் படிக்க 2012-லிருந்து கணியம் இதழ் இருக்கிறது.

2019 நவம்பர் வரை நாமும் விழுப்புரம் மாவட்டம்தான். ஆனாலும் இங்கிருந்து அங்கே கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். காட்பாடி தடத்தில் ரயில் இருக்கு, நம்ம நேரத்துக்கு இருக்காது. வெள்ளிமலையிலிருந்து ஒரு பிள்ளை விழுப்புரம் போகணும்னா நூறு கிலோமீட்டருக்கு மேல். மலை இறங்கி, பஸ் மாறி, கூட்டம் முடிந்து இருட்டுவதற்குள் ஏறிவிட முடியுமா? பெண் பிள்ளையை வீட்டில் அனுப்புவார்களா? நம்ம மாவட்டத்தின் பெயர் நாடு முழுக்க டிவியில் ஓடியது 2024 ஜூனில், கருணாபுரத்துச் சாவுகளுக்காக. வேறு எதற்காவதும் ஓடட்டுமே.

அதனால்தான் திருக்கோவிலூரில் ஒரு வட்டாரக் கூட்டம் வேண்டும் என்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகம் முழுக்க மென்பொருள் சுதந்திர தினம் கொண்டாடுகிறார்கள், அன்றைக்கே தொடங்கலாம். தேவைப்படுவது ஒரு ஹால், நிறைய ப்ளக் பாயிண்ட், இருபது பென் டிரைவ். இன்டர்நெட்டை நம்ப வேண்டாம், ஒரு ஐஎஸ்ஓ ஃபைலே 3 ஜிபி, 6 ஜிபி வரும். முப்பது பேர் ஒரே ஹாட்ஸ்பாட்டில் இறக்கினால் சாயங்காலம் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் நாளே பென் டிரைவில் ஏற்றி வைத்துவிட வேண்டும். யாருடைய லேப்டாப்பைத் தொடுவதற்கு முன்பும் ஃபோட்டோ, ஃபைல் எல்லாம் வேறு இடத்தில் காப்பி எடுக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது. ஒருத்தரின் கல்யாண ஃபோட்டோ போச்சுன்னா அடுத்த கூட்டத்துக்கு ஒரு ஆள் வரமாட்டார். மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும், மலைக்குப் போகிற பஸ்ஸை மனசில் வைத்து.

இப்போ கசப்பான ரெண்டு விஷயம். நம்ம ஐடி விங் போஸ்டரெல்லாம் எதில் செய்கிறோம்? கிராக் போட்ட ஃபோட்டோஷாப்பில். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு கூட்டத்துக்கு முந்தின ராத்திரி அந்த கிராக் வழியாக வந்த வைரஸ் மொத்த டிசைனையும் பூட்டிவிட்டது. விடிய விடிய செல்போனில் உட்கார்ந்து திரும்பச் செய்தேன். அப்புறம்தான் இங்க்ஸ்கேப், கிம்ப் கற்றுக்கொண்டேன். பழக ஒரு மாதம் ஆனது, பொய் சொல்லவில்லை. ஃப்ளெக்ஸ் கடை அண்ணன் கோரல் டிரா ஃபைல்தான் கேட்பார், பிடிஎஃப் கொடுத்தால் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார். நம்ம அலுவலகத்திலிருந்தே இந்த மாற்றத்தைத் தொடங்கணும்.

இரண்டாவது விஷயத்துக்குத் திட்டு விழும்னு தெரியும். அந்தக் கூட்டத்தில் நம்ம கொடி வேண்டாம். தலைவர் படம் போட்ட பேனர், சால்வை, குத்துவிளக்கு எதுவும் வேண்டாம். விழுப்புரம் கூட்டத்துக்கு நான் முதல் முறை போனபோது யாரும் நீ எந்தக் கட்சி, எந்த ஊர்த் தெரு என்று கேட்கவில்லை. லேப்டாப்பில் என்ன பிரச்சனை என்று மட்டும்தான் கேட்டார்கள். கொடி கட்டினால் மாற்றுக் கட்சிக்காரர் பிள்ளை வராது, கல்லூரி ஹால் தராது. "அப்போ கட்சிக்கு என்னப்பா லாபம்?" என்று ஒன்றியத்தில் ஒரு அண்ணன் கேட்டார். ஹால் வாடகையும் மதிய சாப்பாடும் நாம கொடுப்போம், பெயர் வேண்டாம் என்றேன். சிரித்தார். இன்னும் பதில் சொல்லவில்லை.

நம்ம ஊர்க் கதைதான் ஞாபகம் வருது. மழை ராத்திரி, முதலாழ்வார் மூன்று பேரும் ஒரு இடைகழியில் ஒதுங்கினார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். நம்புறவங்க நம்பட்டும், கதையா எடுத்துக்குறவங்க எடுத்துக்கட்டும். முதலில் வந்தவர் யாரையும் எந்த ஊர் என்று விசாரித்து உள்ளே விடவில்லை, தள்ளி நின்று இடம் கொடுத்தார்.

திருக்கோவிலூர், ரிஷிவந்தியம், சங்கராபுரம், கல்வராயன்மலை பக்கம் இருக்கிற இன்ஜினியரிங், பிசிஏ, டிப்ளமோ பிள்ளைகள் இந்தப் பதிவுக்கு இன்பாக்ஸ் செய்யுங்க. லினக்ஸ் தெரிந்தவர்கள் "தெரியும்" என்றும், தெரியாதவர்கள் லேப்டாப் மாடலையும் எழுதுங்க. ஹால் தர முடிந்தவர்கள் ப்ளக் பாயிண்ட் எத்தனை என்று சேர்த்துச் சொல்லுங்க.