நோய் போனது, கோப்பு எங்கே?



என்னோடு பணியாற்றும் ஆசிரியை ஒருவர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இடப்பக்க மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் பெற்று நலமடைந்தவர். அண்மையில் மாடிப்படி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. "நமக்கும் வயதாகிறது டீச்சர்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை எண்ணி இன்று வருந்துகிறேன்.

கிளினிக்கில் வாயுத் தொல்லைக்கு மருந்து கொடுத்தனர். பழைய சிகிச்சையைப் பற்றி இவர் சொல்லவில்லை. முடிந்த கதைதானே என்று எண்ணினாராம். சில வாரங்களில் நெஞ்சுவலி வந்தது. இதய இரத்தக் குழாயில் அடைப்பு இருப்பது தெரிந்தது. கதிர்வீச்சுதான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது, ஆனால் அதற்கும் பங்கு இருக்கலாம் என்றார் இதய மருத்துவர்.

இடப்பக்க மார்பகத்திற்குப் பாய்ச்சும் கதிர், அருகிலுள்ள இதயத்தையும் ஓரளவு தொடுகிறது. இரத்தக் குழாயின் உட்சுவர் பாதிப்புற்று, நாளடைவில் குறுகலாம். இதய வால்வுகளும் இதயத்தைச் சூழ்ந்த உறையும்கூடப் பாதிப்படையலாம். 1958 முதல் 2001 வரை சுவீடனிலும் டென்மார்க்கிலும் கதிர்வீச்சுப் பெற்ற 2,168 பெண்களைப் பற்றிய ஆய்வொன்று 2013-இல் வெளிவந்தது. இதயம் பெற்ற சராசரிக் கதிர் ஒரு 'கிரே' கூடும்போது, மாரடைப்பு முதலிய கடும் இதய நோய்க்கான வாய்ப்பு, இருந்த அளவிலிருந்து 7.4 விழுக்காடு உயர்ந்தது. முதல் ஐந்தாண்டுகளுக்குள் தொடங்கிய இவ்வாபத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நீடித்தது.

இதைப் படித்துவிட்டு எவரும் கதிர்வீச்சை மறுத்துவிடக் கூடாது. பெரும்பாலோர்க்கு அதனால் விளையும் நன்மையே மிகுதி. இன்று மூச்சை ஆழ இழுத்து நிறுத்தச் செய்து, இதயத்தைக் கதிரின் பாதையிலிருந்து விலக்கும் முறையும் உண்டு. அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை.

என் கவலை வேறு. 2021-இல் நீக்கப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வின் சான்றிதழை இன்றும் நெகிழி உறையில் காக்கும் பெற்றோர் நம்மிடையே உள்ளனர். புற்றுநோய்ச் சிகிச்சைக் கோப்பை மட்டும், பார்த்தாலே அச்சம் என்று தூக்கி எறிந்து விடுகிறோம். எந்தப் பக்கம், எவ்வளவு கதிர், எந்த ஆண்டு, உடன் கொடுத்த மருந்து எது என்பவை வாழ்நாள் முழுதும் தேவைப்படும் செய்திகள். எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதலில் அவற்றைச் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம், கொழுப்பு, இனிப்புநீர் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும். புகைத்தலைக் கைவிட வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சிறு வயதில் நெஞ்சில் கதிர்வீச்சுப் பெற்ற பிள்ளைகளுக்கும் இதே கண்காணிப்புத் தேவை. வகுப்பாசிரியரிடம் மறைக்காதீர்கள். திடலில் ஓடும் பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றால், 'சோம்பேறி' என்று நாங்கள் அதட்டிவிடக் கூடாதல்லவா?

அந்த ஆசிரியை மீண்டும் பள்ளிக்கு வருகிறார். அவருடைய கைப்பையில் இப்பொழுது ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்தக் கோப்பு எங்கே? இன்றே தேடி எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை