போமலின் போத்தலும் பொய்யான எண்ணும்

கந்தளாய்க் குளம் என்றதும் அக்கபோதி மன்னனின் பெயரும், 1986 ஏப்ரலில் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட துயரும் நம் நினைவில் எழும். அக்குளத்து நீரினுள் எது எதனை உண்டு வாழ்கிறது என்ற வினாவோ எழுவதில்லை. ஆயினும் மீனவர் பலரின் பிழைப்பு அவ்வினாவோடு பிணைந்துள்ளது. ஆபிரிக்க மீனாகிய திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொணரப்பட்டது. இன்று நம் குளங்களின் மீன்பிடியில் பெரும்பங்கு திலாப்பியா இனங்களே. அவை உள்ளூர் உயிர்களை உண்டு அழிக்கின்றன என்பாரும், பாசியையும் அழுகலையும் உண்டு அமைதியாக வாழ்கின்றன என்பாரும் உளர்.

இவ்வழக்கில் வலிய சாட்சியாக நிற்கக்கூடியவை உறுதியான சமதானிகள். உணவு வலையில் படிக்குப் படி உடலின் நைதரசன்-15 சராசரியாக ஆயிரத்தில் 3.4 பங்கு உயர்கிறது. காபன்-13 சிறிதளவே மாறுகிறது. முன்னது உயிரியின் படியையும், பின்னது உணவின் மூலத்தையும் காட்டும். ஆனால் அடிப்படி எதுவென அறியாது மேற்படியை எண்ண இயலுமோ? அவ்வடிப்படைக்கு அளவுகோலாவன நத்தை, மட்டி முதலிய முள்ளந்தண்டிலிகளே.

"மாதிரி தயாரிப்பது ஆய்வுகூட உதவியாளரின் வேலை, உண்மையைக் கருவி சொல்லும்" என்போர் நம்மிடையே பலர். இக்கூற்றை நான் வன்மையாக மறுக்கிறேன். நத்தையை ஓட்டோடு அரைத்தால் என்ன நிகழும்? ஓட்டின் கல்சியங் காபனேற்றில் உள்ள காபன் பெரும்பாலும் நீரில் கரைந்திருந்ததேயன்றி நத்தை உண்டதன்று. கருவி நீரின் கதையைச் சொல்லும்; நாமோ அதனை நத்தையின் உணவு என எழுதுவோம். ஓட்டைப் பிரிக்க இயலாத சிற்றுயிர்களை ஐதரோகுளோரிக்கமிலத்தால் கழுவலாம். ஆனால் அவ்வமிலம் நைதரசன் அளவைக் குலைக்கக்கூடும். எனவே மாதிரியை இரு கூறாக்கி, அமிலமிட்டதைக் காபனுக்கும் இடாததை நைதரசனுக்கும் கொள்ளல் வேண்டும்.

தும்பிக் குடம்பியின் குடலில் நேற்றைய இரை கிடக்கும். வடித்த நீரில் ஒரு நாள் பட்டினியிட்டே அதனை எடுத்தல் வேண்டும். ஊனுண்ணிகளைத் தனித்தனியே வையாவிடின் அவை ஒன்றையொன்று உண்டுவிடும். போமலினோ தன் காபனைத் திசுவினுள் புகுத்திவிடும். உறையவைத்து, 60 பாகை செல்சியசில் உலர்த்தி, நுண்பொடியாக்கி, ஏறத்தாழ ஒரு மில்லிகிராமை வெள்ளீயச் சிமிழில் இடுவதே முறை.

"வறிய நாட்டில் இதற்கெல்லாம் வசதி ஏது?" என்பர். ஓட்டிலிருந்து சதையைப் பிரிக்கும் கத்திக்கும், வடித்த நீருக்கும், ஒரு நாட் பொறுமைக்கும் செல்வம் வேண்டுமோ? பனிக்கட்டி கிடையாத இடத்தில், போமலினிட்டவற்றோடு இடாத சிலவற்றையும் அளந்து திருத்தம் காணலாமே!

இங்கு பிழை சிறிதன்று. மாட்டெரு கலக்கும் கரையில் நைதரசன்-15 உயர்ந்திருக்கக்கூடும். வேறொரு கரையின் நத்தையை முழுக் குளத்துக்கும் அளவுகோலாக்கினால், எருக் கரையில் பாசி மேய்ந்த மீன் ஊனுண்ணியாகத் தோன்றும். அவ்வெண் நூலேறும், நூலிலிருந்து அதிகாரியின் மேசையேறும், ஈற்றில் வள்ளத்தில் இருப்பவனின் வலையைப் பறிக்கும்.

கருவி பொய் சொல்வதில்லை. நாம் இட்டதையே அளக்கிறது. ஆதலின் மாதிரி தயாரித்தல் ஆய்வுக்கு முந்திய வேலையன்று, அதுவே ஆய்வு. அதில் கைபடாதவர் அவ்வெண்ணின் கீழ்த் தம் பெயரை இடுதல் தகாது.