ஜெயித்த குழு எங்கே?

பெயர் சென்னை சிட்டி. சொந்த மைதானமோ கோவை! இருந்தாலும் ஜனங்கள் தங்கள் குழுவாகவே ஏற்றார்கள். 2017–18 ஐ-லீகில் பத்துக் குழுக்களில் எட்டாமிடம். 2019 மார்ச் 9இல் பட்டத்துக்கே ஆட்டம். திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறிப் போனேன். மூன்றாவது நிமிஷமே மினர்வா பஞ்சாப் கோல் போட்டது. காலரி வாயடைத்தது. பக்கத்திலிருந்த மில் தொழிலாளி மட்டும், "இன்னும் நேரமிருக்குதுங்ண்ணா" என்றார். பிற்பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கௌரவ் போரா இரண்டு கோல். 3–1! ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திப் பட்டம்.

அந்தக் குழு 2020–21க்குப் பின் ஐ-லீகிலேயே இல்லை. ரசிகர்களை யார் கேட்டார்கள்? பார்சிலோனா கிளப்புக்கு அங்கத்தினர்களே சொந்தக்காரர்கள். தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே மட்டும் ஏன் கூடாது? சந்தா கட்ட நான் தயார். அந்த மில் தொழிலாளியும் தயங்கமாட்டார்.