லெஸ்டாட் வீட்டுக்காரர்... க்ளாடியா மகள்!

டாம் குரூஸ் ரத்தக்காட்டேரியா? 1993-ம் ஆண்டு இந்தக் கேள்வியை ஹாலிவுட்டில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டவர், அந்தக் கதையை எழுதிய ஆன் ரைஸ்தான்.

'இன்டர்வியூ வித் தி வேம்பயர்' 1976-ல் வெளியான நாவல். புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்பே சினிமா உரிமை விலைபோய்விட்டது. ஆனால், படப்பிடிப்பு தொடங்க 17 ஆண்டுகள் ஆயின. அத்தனை காலம் காத்திருந்த எழுத்தாளருக்கு, நாட்டிலேயே பெரிய ஸ்டார் கிடைத்தால் கொண்டாட்டமாகத்தானே இருக்க வேண்டும்? ரைஸ் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்தார். 'கான் வித் தி விண்ட்' படத்தின் ரெட் பட்லர் வேடத்துக்கு, தாதா வேடங்களில் நடித்துவந்த எட்வர்ட் ஜி.ராபின்சனைப் போட்டால் எப்படியிருக்குமோ, இதுவும் அப்படித்தான் என்றார். அவர் மனதில் இருந்த லெஸ்டாட் உயரமானவன், பொன்னிறத் தலைமுடிக்காரன், 18-ம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பிரபு குடும்பத்துப் பிள்ளை. டச்சு நடிகர் ரட்கர் ஹாவரை நினைத்துக்கொண்டிருந்தார். 'டாப் கன்' பையனை அந்த இடத்தில் அவரால் வைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஒரு பேய்க்கதை பாத்திரத்துக்காக ஒருவர் இவ்வளவு கொதிக்க வேண்டுமா என்று அப்போது பலர் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, லெஸ்டாட்டின் பிறந்தநாள் நவம்பர் 7. ஆன் ரைஸின் கணவர், கவிஞரும் ஓவியருமான ஸ்டான் ரைஸின் பிறந்தநாளும் நவம்பர் 7. அந்தப் பொன்னிறத் தலைமுடி, அந்தத் திமிரான நடை... எல்லாவற்றுக்கும் ஸ்டான்தான் மாடல் என்று ரைஸே சொல்லியிருக்கிறார். ஊருக்கு அவன் ரத்தக்காட்டேரி. அவருக்கு வீட்டுக்காரர்!

பெண்ணுக்குப் பெயர் ஹோவர்ட்

ரைஸ் பிறந்தது 1941-ல், நியூ ஆர்லியன்ஸ் நகரில். வீட்டில் வைத்த பெயர் ஹோவர்ட். ஆம், அப்பாவின் பெயரை அப்படியே மகளுக்கு வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று கன்னியாஸ்திரி பெயரைக் கேட்டபோது, அந்தச் சிறுமி தானாகவே 'ஆன்' என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற அம்மாவும் மறுக்கவில்லை. அந்த அம்மா, ரைஸ் பதின்பருவத்தில் இருந்தபோதே குடியால் இறந்துபோனார்.

1961-ல் ஸ்டானுடன் கல்யாணம். 1966 செப்டம்பரில் மகள் மிஷேல் பிறந்தாள். மூன்று வயது தாண்டியதும் குழந்தை சோர்ந்து சோர்ந்து விழுந்தாள். பரிசோதனையில் லுகேமியா என்று தெரிந்தது. ரத்தப் புற்றுநோய். இன்று குழந்தைகளுக்கு வரும் லுகேமியாவில் பெரும்பாலானோரைக் காப்பாற்றிவிடுகிறார்கள். அன்று நிலைமை அப்படியில்லை. 1972 ஆகஸ்ட் 5 அன்று மிஷேல் இறந்தாள். ஆறாவது பிறந்தநாளுக்கு ஏழு வாரம்கூட இல்லை.

அதன் பிறகு கணவனும் மனைவியும் குடியில் விழுந்தார்கள். ஸ்டான் மகளைப் பற்றிக் கவிதைகள் எழுதினார். 1975-ல் தொகுப்பாக வந்தது. ரைஸ், முன்பு எப்போதோ எழுதி மூலையில் போட்டிருந்த ஒரு சிறுகதையை எடுத்தார். ரத்தக்காட்டேரி ஒருவன் நிருபரிடம் தன் கதையைச் சொல்லும் கதை. 1973-ல் இரவு இரவாக உட்கார்ந்து, சுமார் ஐந்தே வாரங்களில் அதை நாவலாக்கினார்.

அந்த நாவலில் ஒரு குழந்தை வருகிறாள். பெயர் க்ளாடியா. வயது ஐந்து. பொன்னிறச் சுருள் முடி. கொள்ளைநோய் பரவிய தெருவில், செத்துப்போன தாயின் பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும் அவளை லூயி என்ற ரத்தக்காட்டேரி பார்க்கிறான். பசியை அடக்க முடியாமல் கடித்துவிடுகிறான். சாகக் கிடக்கும் அவளுக்கு லெஸ்டாட் தன் ரத்தத்தைக் கொடுத்து, இனி சாகவே முடியாத பிறவியாக்குகிறான். ரத்தம் கெட்டுச் செத்த மகளைப் பெற்றவள், ரத்தத்தால் பிழைக்கும் ஒரு மகளை எழுதுகிறாள். இதைப் படிக்கும் எவருக்கும் இரண்டும் இரண்டும் நாலு. ஆனால், எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இந்தத் தொடர்பு தனக்கே தெரியவில்லை என்று ரைஸ் பின்னர் பல பேட்டிகளில் சொன்னார். லூயியின் துக்கம் தன்னுடையது என்பதையும் பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

ஆக, இது கணவன், மனைவி, மகள் என்று மூன்று பேர் இருந்த வீட்டின் கதை. வாடகைக்குக் கோட்டையும் சவப்பெட்டியும் எடுத்து, அதற்குள் குடிவைத்திருக்கிறார்.

அந்த வீடியோ கேசட்

சரி, டாம் குரூஸ் விவகாரம் என்ன ஆயிற்று? நீல் ஜோர்டன் இயக்கத்தில் படம் முடிந்தது. தயாரிப்பாளர் டேவிட் கெஃபன் சண்டைக்குப் போகவில்லை. படத்தை ஒரு வீடியோ கேசட்டில் போட்டு ரைஸுக்கு அனுப்பினார். அவ்வளவுதான். பார்த்து முடித்த ரைஸ், 'வெரைட்டி' பத்திரிகையில் இரண்டு பக்க விளம்பரம் கொடுத்தார். தன் சொந்தச் செலவில். டாம் குரூஸ்தான் லெஸ்டாட் என்று, முன்பு திட்டிய அதே வேகத்தில் புகழ்ந்து தள்ளினார்.

படம் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்வது இப்போது தினசரி வழக்கம். டீசர் வந்த பத்தாவது நிமிடத்தில் 'படம் தேறாது' என்று எழுதுகிறோம். அப்படிச் சொன்ன பிறகு, அதே அளவு எழுத்தில் 'இல்லை, நன்றாக இருக்கிறது' என்று எழுதியவர்கள் எத்தனை பேர்? அந்த வகையில் ரைஸின் விளம்பரம், 1994-ன் சிறந்த சினிமா விமர்சனங்களில் ஒன்று. படம் உலக அளவில் 22 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

இன்று அந்தப் படத்தைப் பார்த்தால், டாம் குரூஸ் நன்றாகத்தான் இருக்கிறார். பிராட் பிட் முக்கால் படம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிகிறார். மனதில் நிற்பவர் க்ளாடியாவாக வரும் கிர்ஸ்டன் டன்ஸ்ட். அப்போது அவருக்கு வயது 11. கோபத்தில் தன் சுருள் முடியைக் கத்தரித்து எறிகிறாள் க்ளாடியா. அடுத்த நொடியே அது பழையபடி வளர்ந்து நிற்கிறது. தான் ஒருபோதும் பெரியவளாக முடியாது என்பது அவளுக்கு அப்போது உறைக்கிறது. அந்த அலறலுக்காகவே டன்ஸ்டுக்கு கோல்டன் குளோப் பரிந்துரை கிடைத்தது என்று சொன்னால் நம்பலாம்.

ஆனால், ஐந்து வயது 11 ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா?

வேறு வழியில்லை என்பது உண்மை. உள்ளே 60 வயதுப் பெண்ணின் மனம், வெளியே பொம்மை போன்ற உடம்பு. இதை நடித்துக் காட்ட எந்த ஐந்து வயதுக் குழந்தையாலும் முடியாது. முடிந்தாலும் நடிக்கவைக்கக் கூடாது. எழுத்தில் மட்டும் சாத்தியமான பயங்கரம் அது. நாவலில் லூயி அவளைத் தூக்கி வைத்துக்கொள்கிறான், தலைவாரிவிடுகிறான், கதை படித்துக் காட்டுகிறான். பல பத்தாண்டுகள் கழிந்தும் அவளைத் தூக்கித்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. போட்டோவில் இருக்கும் குழந்தைக்கு வயது ஏறாது இல்லையா, அது போலத்தான். 11 வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்க முடியாது. படத்தில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

விமர்சகர்களுக்கு வந்த பதில்

ரைஸின் புத்தகங்கள் கோடிக்கணக்கில் விற்றன. 1978-ல் மகன் கிறிஸ்டோபர் பிறந்தான். அவனுக்காகக் கணவனும் மனைவியும் குடியை விட்டார்கள். அவரும் இன்று எழுத்தாளர்.

2002 டிசம்பரில் மூளைப் புற்றுநோயால் ஸ்டான் இறந்தார். மறு ஆண்டு, லெஸ்டாட்டே கதைசொல்லியாக வரும் 'பிளட் கேன்டிகிள்' நாவல் வெளிவந்தது. ரசிகர்கள் கடுப்பானார்கள். இது எங்கள் லெஸ்டாட் இல்லை, கொச்சையாகப் பேசுகிறான், எடிட்டர் யாருமே இல்லையா என்று அமேசானில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் குவிந்தன.

2004 செப்டம்பரில் அந்த விமர்சனங்களுக்கு நடுவிலேயே ரைஸின் பதில் வந்தது. பத்தி பிரிக்காமல், மூச்சுவிடாமல், ஆயிரம் வார்த்தைகளுக்கு மேல். எந்த எடிட்டரும் தன் எழுத்தைத் தொடக் கூடாது என்பது தானே எடுத்த முடிவு என்றார். பிடிக்காதவர்கள் புத்தகத்தைத் திருப்பி அனுப்பினால் பணத்தைத் தருகிறேன் என்று நியூ ஆர்லியன்ஸ் முகவரியையும் கொடுத்தார். எழுத்தாளர்கள் செய்யக் கூடாதவை என்று யார் பட்டியல் போட்டாலும் இந்தச் சம்பவம் அதில் வந்துவிடும். நியாயம் வாசகர்கள் பக்கம்தான் என்பதிலும் சந்தேகமில்லை. அந்த நாவலுக்கு எடிட்டர் தேவைப்பட்டார். காசு கொடுத்து வாங்கியவருக்கு, பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை உண்டு.

ஆனால், தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். ஸ்டான் போய் இரண்டு ஆண்டுகூட முடியவில்லை. வாசகர்கள் 'இது லெஸ்டாட் மாதிரியே இல்லை' என்று எழுதுகிறார்கள், லெஸ்டாட்டைப் பறிகொடுத்தவரிடம்.

இப்போது வயது 14

ஏஎம்சி தயாரித்த 'இன்டர்வியூ வித் தி வேம்பயர்' தொடரின் முதல் சீசன் 2022 அக்டோபரில் வெளியானது. அதற்குப் பத்து மாதங்கள் முன்பு, 2021 டிசம்பர் 11 அன்று, 80-வது வயதில் ரைஸ் இறந்துவிட்டார். ஆகவே, இதற்கு அவருடைய திட்டும் கிடையாது, இரண்டு பக்க விளம்பரமும் கிடையாது.

திட்டுவதற்கு நிறையக் காரணங்கள் இருந்தன. நாவலில் லூயி 1791-ல் அடிமைகளை வைத்து அவுரித் தோட்டம் நடத்தும் வெள்ளைக்காரன். தொடரில் அவன் 1910-ல் நியூ ஆர்லியன்ஸில் விபசார விடுதிகள் நடத்தும் கறுப்பின இளைஞன். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் கிரே வார்மாக வந்த ஜேக்கப் ஆண்டர்சன் நடித்திருக்கிறார். லெஸ்டாட்டாக ஆஸ்திரேலியர் சாம் ரீட். நாவலில் சின்னப் பையனாக வரும் நிருபர், இங்கே நோயாளிக் கிழவர். இளமையில் எடுத்து உருப்படாமல்போன பேட்டியை மறுபடி எடுக்க துபாய்க்கு வருகிறார். இந்தக் கடைசி மாற்றம் அட்டகாசம். லூயி சொல்வதையெல்லாம் அந்தக் கிழவர் நம்புவதில்லை. சந்தேகப்பட்டுக் குடைகிறார். பேட்டி விசாரணையாக மாறுகிறது.

க்ளாடியாவுக்கு இங்கே வயது 14. முதல் சீசனில் பெய்லி பாஸ். 2024-ல் வந்த இரண்டாவது சீசனில் டெலேனி ஹேய்ல்ஸ். ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய தொடர், வயதே ஏறக் கூடாத பாத்திரம். நிஜக் குழந்தையை நடிக்கவைத்தால், அடுத்த சீசனுக்குள் ஒரு முழம் வளர்ந்து நிற்பாள். கணக்கு புரிகிறது. நாவலைப் படித்தவர்களுக்கு ஆரம்பத்தில் ஒரு வருத்தம் இருக்கும். இந்தக் க்ளாடியா துள்ளிக் குதிக்கிறாள், ஊர் சுற்றுகிறாள், ஒரு பையன்மேல் ஆசைப்படுகிறாள். ரைஸ் வீட்டில் செத்துப்போன குழந்தைக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால், இவளிடம் ஒரு டைரி இருக்கிறது. நாவலில் க்ளாடியா பேசுவதெல்லாம் லூயியின் நினைவு வழியாகத்தான். அவள் என்ன நினைத்தாள் என்பதையும் அப்பா ஸ்தானத்தில் இருப்பவனே சொல்கிறான். தொடரில் அவளே எழுதுகிறாள். தன்னை உண்டாக்கிய இருவரையும் கிண்டலடிக்கிறாள். லூயி சொன்னதற்கு நேர்மாறாக டைரியில் இருக்கிறது. சில பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. யார் கிழித்தது, ஏன் என்று நிருபர் கேட்கும்போது லூயியின் முகம் மாறுகிறதே, அந்த ஒரு நொடிக்கு இந்த வயது மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கதை முன்கூட்டித் தெரியக் கூடாது என்பவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளவும். இரண்டாவது சீசனின் ஏழாவது எபிசோடில், பாரிஸ் நாடகக் கொட்டகை ஒன்றில் க்ளாடியாவை மேடையேற்றி விசாரிக்கிறார்கள். பார்வையாளர்கள், இது நாடகம் என்று நினைத்துக் கைதட்டும் சாதாரண மனிதர்கள். அந்தக் கைதட்டல்தான் இந்தத் தொடரிலேயே நடுங்கவைக்கும் சத்தம். நாவலில் அவள் இறந்த பிறகு மிஞ்சியதை மட்டுமே லூயி பார்க்கிறான். இங்கே அவள் நம் கண் முன்னால், கூட்டத்தைத் திட்டிச் சாபம் விட்டு, வெயிலில் கரையும்வரை பாடுகிறாள். ஹேய்ல்ஸ் பிரமாதப்படுத்தியிருக்கிறார்.

ரத்தமும் படுக்கையறையும் தாராளமாக உள்ள தொடர். பிள்ளைகள் தூங்கிய பிறகு பார்ப்பது நல்லது. படம், தொடர் இரண்டுக்கும் முன்னால் நாவலைப் படிக்க முடிந்தால் இன்னும் நல்லது. அடுத்த சீசன் இரண்டாவது நாவலான 'தி வேம்பயர் லெஸ்டாட்'டை எடுத்துக்கொள்கிறது. அதில் லெஸ்டாட் ராக் பாடகன்.