மலிவு சைக்கிளா, காஸ்ட்லி சைக்கிளா? கடைக்குப் போய்வர எது லாபம்?

பால், மளிகை, ரேஷன் கடை, டியூஷன்... பக்கத்துத் தெரு வேலைக்கெல்லாம் எதுக்கு பெட்ரோல் செலவு, ஒரு சைக்கிள் வாங்கிடலாம்னு நினைக்கிறவங்களுக்கு முதல் குழப்பமே விலைதான்.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவிகிதத்தில் இருந்து 5 சதவிகிதமாகக் குறைந்துள்ளது. வரி சேர்க்காத விலை ரூ.10,000 என்றால், முன்பு ரூ.11,200 ஆகும், இப்போது ரூ.10,500. மிச்சமாகும் 700 ரூபாயை எதில் போடலாம்?

கியரைப் பார்த்து ஏமாறாதீங்க

குறைந்த விலையில் கியர், ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக் எல்லாமே இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அத்தனையும் அந்த விலைக்குள் அடங்கணும்னா, ரிம், பேரிங், பிரேக் தரத்தில்தான் கை வைப்பார்கள். மட்டமான ஷாக் அப்சார்பர் எடையைக் கூட்டும். மிதிக்கிற பலத்திலும் கொஞ்சம் வீணாகும்.

மழையில் தெரியும் வித்தியாசம்

ஸ்டீல் ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். சைக்கிள் நிற்க அதிக தூரம் எடுக்கும். அலாய் ரிம்மிலும் பிடிப்பு குறையும், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஓட்டுபவருக்கு இது உயிர் விஷயம்.

அப்போ காஸ்ட்லிதான் சரியா?

அதுவும் இல்லை. கடை வாசலில் விட்டுட்டுப் போக மனசு வராத சைக்கிள், கடைசியில் வீட்டிலேயேதான் நிற்கும். உயர்ரக கியர் பழுதானால் தெருமுனைக் கடையில் பார்ட்ஸ் கிடைப்பதும் கஷ்டம். கியர் இல்லாத சைக்கிளை சாதாரண பஞ்சர் கடையிலேயே சரி செய்துவிடலாம். மேடு அதிகம் இல்லாத சென்னை போன்ற ஊரில், ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு கியர் அவசியமும் இல்லை.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

• வீலைத் தூக்கிச் சுற்றிப் பாருங்க; கோட்டம் இருக்கக் கூடாது.
• பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலும் லிவர் ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது.
• பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கணும்.
• கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு விலையிலேயே சேர்ந்ததா என்று கேளுங்க.

மொத்தத்தில், கடைக்குப் போய்வர கியர் இல்லாத, அலாய் ரிம்மும் நல்ல பிரேக்கும் உள்ள நடுத்தர விலை சைக்கிளே போதும். வரியில் மிச்சமாகும் காசை பூட்டுக்கும் லைட்டுக்கும் போடலாம்.